சின்ன .45 பிஸ்டல், குறைந்த உதை: சுட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பழைய எஃகு

எச்.கே. யூஎஸ்பி காம்பாக்ட், .45 அங்குலத் தோட்டா சுடும் சின்னப் பிஸ்டல். ரேஞ்சில் பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்தவருடையது. நான் என் மூன்றரை அங்குலக் குழல் 1911 ரகப் பிஸ்டலுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஒரு மேகசின் சுட்டுப் பாருங்கள்" என்று நீட்டினார்.

இன்னும் மனதை விட்டுப் போகாதது இரண்டாவது ரவுண்டுதான். முதல் ரவுண்டுக்கு உடம்பு எப்படியும் இறுகித்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவதுக்கு டிரிகரில் விரல் ஏறும்போது முன்சைட் பின்சைட்டின் பள்ளத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் அதைக் கீழே இழுக்கவே இல்லை. என் 1911-இல் அந்த நேரத்துக்கு முன்சைட் இலக்குக்கு மேலே எங்கேயோ இருக்கும். தேடிப் பிடித்துக் கொண்டுவர வேண்டும்.

இத்தனைக்கும் என்னுடையது முழு எஃகு, இது பாலிமர். எடை குறைந்தது எப்படிக் குறைவாக உதைக்கும்? பெரிய யூஎஸ்பியில் இருக்கும் இரட்டை ஸ்பிரிங் அமைப்புகூட இந்தச் சின்னதில் இல்லை. ஸ்லைடு (சுட்டதும் பின்னால் ஓடித் திரும்பும் மேல்பகுதி) குட்டை, அதற்கு இடமில்லை. தட்டைக் கம்பி ஸ்பிரிங்கும் அதன் முனையில் ஒரு பாலியூரித்தேன் புஷ்ஷும், அவ்வளவுதான். வேறு யாராவது இதை உணர்ந்திருக்கிறீர்களா?

நேர்கோடு

மன்னிக்கவும், உதை குறையவில்லை. குறைந்த மாதிரி தெரிந்தது. இரண்டும் வேறு.

230 கிரெய்ன் குண்டு என்றால் ஏறக்குறைய 15 கிராம். ஐந்து அங்குலக் குழலில் நொடிக்கு 250 மீட்டர் பக்கம் போகும். அதோடு வாயுவும் முன்னால் பாய்கிறது. இத்தனை உந்தமும் திரும்பி உங்கள் கைக்குத்தான் வந்தாக வேண்டும். 1.1 கிலோ எடையுள்ள முழு அளவு 1911 அதை வாங்கிக்கொண்டு பின்னால் வரும்போது 8 ஜூல் அளவு ஆற்றல். முக்கால் கிலோச் சின்னப் பிஸ்டலில் அதே தோட்டாவுக்கு 10, 11 ஜூல். எந்த ஸ்பிரிங்கும் எந்தப் புஷ்ஷும் இந்த உந்தத்தைத் தின்றுவிட முடியாது.

ஸ்பிரிங் செய்வதெல்லாம் நேரத்தை நீட்டுவதுதான். ஸ்லைடு பின்னால் வந்து சட்டத்தில் மோதும் அந்த ஒரு கணத்தின் உச்ச விசையைக் குறைக்கிறது. பாலிமர் சட்டமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது. மொத்தம் அதேதான். கத்தலாக வந்தது முனகலாக வருகிறது.

என் அனுபவம் என்று சொல்ல ஒன்றுதான். குளோக் 30-இல் 230 கிரெய்ன் சுட்டுவிட்டு, உடனே 185 கிரெய்ன் சாதாரண லோடு (குண்டும் மருந்தும் சேர்ந்த அளவு) போட்டேன். இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், நான் இதுவரை சுட்ட எந்த இரண்டு பிஸ்டல்களுக்கு நடுவிலும் இருந்ததைவிடப் பெரிது. பிஸ்டலை மாற்றுவதற்கு முன் தோட்டாவை மாற்றிப் பாருங்கள்.

இடக்கையன்

குழலின் மேல் துளை போட்ட ரகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. உதை குறைய அதுதான் வழி என்று என்னிடம் அடித்துச் சொன்னார்கள். பகலில் உண்மைதான். வாயு மேலே பாய்ந்து மூக்கைக் கீழே அழுத்துகிறது, பிஸ்டல் எழும்பவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் ஒரு நாள் மங்கலான வெளிச்சத்தில் பயிற்சி. முதல் ரவுண்டு போனதும் என் கண்ணுக்கும் இலக்குக்கும் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீத்திரை எழுந்தது. சைட் காணோம், இலக்கும் காணோம். முன்னால் இருந்தது வெறும் கறுப்பு. அடுத்து உடம்போடு ஒட்டிப் பிடித்துச் சுடும் பயிற்சி. பயிற்றுநர் என் கையிலிருந்ததைப் பார்த்தார், துளைகள் எங்கே பார்த்திருக்கின்றன என்று பார்த்தார், என்னை வரிசையிலிருந்து வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். சரியாகத்தான் செய்தார். அந்த நிலையில் வாயுவும் துகளும் நேரே முகத்துக்கு வரும்.

இலக்குப் போட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் வைக்க வேண்டாம்.

மேகமூட்டம்

என்னுடையது வேறு மாதிரி. மேகசினிலிருந்து ரவுண்டை முன்னால் தள்ளாமல் பின்பக்கமாக உருவி எடுக்கும் வகை .45. இந்த அமைப்பில் குழல் மேகசினுக்கு மேலேயே நீண்டு கிடப்பதால் மொத்த நீளம் குறைவு, குழல் நீளம் குறையாது. குழல் சுழன்று திறக்கும். காகிதத்தில் எல்லாம் அழகு. கையிலும் அருமைதான், அறையவில்லை, தள்ளியது.

நான்காவது ரவுண்டு வரவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே வெடிமருந்துத் தூள் சிந்திக் கிடக்கிறது. கேஸ் (தோட்டாவின் உறை) மட்டும் வந்திருக்கிறது, குண்டு மேகசினிலேயே உட்கார்ந்திருக்கிறது! ஸ்லைடு கேஸின் விளிம்பைப் பிடித்துச் சட்டென்று உருவும்போது கனமான குண்டு இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கேஸின் வாய் இறுக்கமாகக் கவ்வாத தோட்டா என்றால் இப்படி நடக்கும் என்று பிறகு தெரிந்தது. இறுக்கமான தோட்டாவோடு அது நன்றாகவே ஓடியது. ஆனால் அந்தத் தூளைப் பார்த்த பிறகு அதை நம்பிக் கையில் எடுக்க மனம் வரவில்லை.

செவ்வந்தி

நேர்கோடு அவர்களே, உங்கள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் "தெரிந்த மாதிரி" என்று ஒதுக்கிவிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். எனக்கு வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. எனக்கு ஜூல் கணக்கு வேண்டாம், உச்ச விசை எவ்வளவு என்பதுதான் வேண்டும். மூட்டு நோவது அதில்தான்.

பெரெட்டா 8045 கூகர் கொடுத்தார்கள். குழல் சாய்ந்து திறக்காமல் சுழன்று திறக்கும் பிஸ்டல். சுட்டேன். காத்திருந்தேன். மணிக்கட்டின் உள்பக்கம் வழக்கமாக ஓடும் அந்த மின்னல் வரவில்லை. மேகசின் காலியாகி ஸ்லைடு பின்னால் நின்ற பிறகும் நான் கையை இறக்கவில்லை, வலி வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே நின்றேன். சுழலும் குழல்தான் காரணமா, பிடி என் கைக்குப் பொருந்தியதா, எதுவாக இருந்தாலும் என் மூட்டுக்கு அது உண்மை.

தடம் ஐந்து

என் கதை சின்னது. சின்ன .45 ஒன்றை மதிப்பிடக் கொடுத்தார்கள். இரண்டு கையால் பிடித்துச் சுட்டபோது பிரமாதம். இடது கை மட்டும் என்றதும் கேஸ் ஸ்லைடில் சிக்கி நிமிர்ந்து நின்றது, மறுபடியும் அதேதான். மணிக்கட்டு தளர்ந்தால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகிறது, ஸ்லைடுக்கு முழு ஓட்டம் கிடைப்பதில்லை. எடை குறைந்த சட்டத்தில் இது சீக்கிரம் வரும்.

மேலே எல்லோரும் ஒரு மேகசின் சுட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்.

இரண்டு பிஸ்டலை ஒப்பிட்டால் தோட்டா ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும். பழைய எஃகு சுட்டது 1911-இல் ஒரு லோடு, யூஎஸ்பியில் அவருடைய லோடு. அந்த ஒப்பீடு எப்படி நிற்கும்? அடுத்தது டைமர். உதை மெதுவாக இருந்தது என்று கை சொல்லும், டைமர் வேறு சொல்லும். ஏழு மீட்டரில் இரண்டிரண்டாகச் சுடுங்கள், இரண்டாவது துளை எங்கே விழுகிறது, எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் யாரையாவது மேகசினில் வெடிக்காத டம்மி ரவுண்டு ஒன்றைக் கலந்து தரச் சொல்லுங்கள். அந்த ரவுண்டில் மூக்கு கீழே குத்தினால் நீங்கள் உதைக்குப் பயந்து முன்னாலேயே தள்ளுகிறீர்கள்; அப்போது பிஸ்டலைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உதையைக் குறைக்க இன்னும் கனமான ஸ்பிரிங் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். முழு அளவு 1911-க்கு 16 பவுண்டு ஸ்பிரிங் வழக்கம். குட்டை ஸ்லைடுக்கு ஏற்கெனவே அதைவிடக் கனமானதுதான் உள்ளே இருக்கும். அதற்கும் மேலே போனால் ஸ்லைடு முன்னால் வரும்போது அறைந்து மூக்கைக் கீழே தள்ளுகிறது. மேகசின் அடுத்த ரவுண்டைத் தூக்கி நிறுத்துவதற்குள் ஸ்லைடு கடந்துபோய்விடவும் செய்யும். பின்னால் மிச்சம் பிடித்ததை முன்னால் செலவு செய்கிறீர்கள்.

இன்னொன்று. 185 கிரெய்ன் போடுங்கள் என்று நேர்கோடு சொல்வது பயிற்சிக்குச் சரி. தற்காப்புத் தோட்டாவாக இருந்தால் குட்டைக் குழலில் வேகம் ஏற்கெனவே குறைகிறது, ஹாலோ பாயிண்ட் (முனையில் குழியுள்ள குண்டு) விரிவதற்கு ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். மென்மையான லோடைத் தேடிப் போய் விரியாத குண்டோடு நிற்காதீர்கள். இந்தக் கயிறிழுப்பு புதிதும் இல்லை. 1986 மயாமி துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ 10 மில்லிமீட்டர் தோட்டாவுக்குப் போனது, முழு லோடு அதிகம் என்று வேகத்தைக் குறைத்தது, அந்தக் குறைத்த லோடைச் சின்ன கேஸில் அடைத்தால் போதுமே என்று 1990-இல் .40 வந்தது, 2015 வாக்கில் அவர்களே 9 மில்லிமீட்டருக்குத் திரும்பிவிட்டார்கள். எல்லோராலும் வேகமாகவும் சரியாகவும் சுட முடிவது எது என்ற கேள்விதான் ஒவ்வொரு முறையும் முன்னால் வந்தது.

நேர்கோடு

செவ்வந்தி, ஒப்புக்கொள்கிறேன். உச்ச விசை உணர்வு அல்ல, அளக்கக்கூடிய ஒன்று. அதை நான் மேலே ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்தது போதாது. உங்கள் மூட்டுக்கு முக்கியமான எண் அதுதான்.

தடம் ஐந்து, 1986 கதை இந்த இழைக்கு எதற்கு என்று தெரியவில்லை. கேட்டது .45.

பழைய எஃகு

தோட்டா ஒரே பெட்டிதான். அவருடைய மேகசினில் போட்டதே என்னுடைய 230 கிரெய்ன். செவ்வந்தி, அந்தக் கூகரில் நீங்கள் சுட்டது எந்த லோடு? 230-ஆக இருந்தால் அடுத்து நான் தேடப்போவது அதைத்தான்.