செய்திமடல் அனுப்பியதும் கணக்கை நிறுத்திவிட்டார்கள், ஒப்புதலுக்குச் சான்று கேட்கிறார்கள் (அவசரம்)

புதுக்கணக்கு07: வணக்கம். என் சின்ன ஆன்லைன் கடையிலிருந்து நேற்று 1,840 பேருக்குச் செய்திமடல் அனுப்பினேன். இரண்டு மணி நேரத்தில் மெயில் அனுப்பும் சேவை என் கணக்கை நிறுத்திவிட்டது. இவர்கள் எல்லாரும் எப்படி ஒப்புதல் தந்தார்கள் என்று காட்டச் சொல்கிறார்கள். எல்லாரும் என் வாடிக்கையாளர்கள்தான், பட்டியலை நான் விலைக்கு வாங்கவில்லை. என்ன பதில் எழுதுவது? சீக்கிரம் சொல்லுங்கள்.

வரிக்குதிரை: வாடிக்கையாளர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள்? முகவரி எப்படிக் கிடைத்தது, பில் போடும்போதா, படிவத்திலா? எத்தனை வருடப் பட்டியல்? இது தெரியாமல் என்ன சொல்ல?

டிஎன்எஸ்தம்பி: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் உண்மையிலேயே உங்கள் தளத்தின் பெயரில்தான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் அமைப்புகள்) மூன்றும் சரியாக இருக்கிறதா பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் ரொம்பக் கறார். நான் பார்த்தவரை சிக்கல் பெரும்பாலும் இதில்தான்.

பழையகை: தம்பி, அவர் கேட்டது ஒப்புதலைப் பற்றி. மெயில் யாரிடமிருந்து வந்தது என்பதற்குத்தான் டிகேஐஎம் சாட்சி. வாங்குகிறவர் சம்மதித்தாரா என்பது அதற்குத் தெரியாது. கேட்டவருக்கும் ஒன்று: பொருள் வாங்கினார் என்பதாலேயே விளம்பரத்துக்குச் சம்மதித்தார் என்று ஆகாது. இது அரிச்சுவடி. முதல் மெயிலுக்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

வரிக்குதிரை: ஒரேயடியாக அப்படிச் சொல்ல முடியாது. விளம்பர மெயிலுக்கான அமெரிக்காவின் 2003 கேன்-ஸ்பாம் சட்டம் முன்கூட்டியே ஒப்புதல் கேட்கவில்லை. அஞ்சல் முகவரி போட வேண்டும், விலக வழி தர வேண்டும், விலகியவரை 10 வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். கனடாவில் பொருள் வாங்கி 2 வருடம் வரை, விசாரித்து 6 மாதம் வரை ஒப்புதல் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஐரோப்பாவில் ஒப்புதலைக் காட்டி அனுப்பினால், அதை நிரூபிக்கும் பொறுப்பு அனுப்பியவர் தலையில். ஆனால் உங்களை நிறுத்தியது சட்டம் அல்ல, சேவையின் ஒப்பந்தம். அது பல சமயம் சட்டத்தைவிடக் கறாராக இருக்கும்.

புதுக்கணக்கு07: பல நாடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பில் போடும்போது வாங்கிய முகவரிகள். கொஞ்சம் பேர் தளத்தில் படிவம் நிரப்பியவர்கள். 2019-லிருந்து சேர்த்தது, இதுதான் முதல் செய்திமடல். ஷீட்டில் பெயர், மெயில், நாடு, அவ்வளவுதான். படிவத்தில் செய்திமடலுக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் முதலில் டிக் தானாகவே விழுந்திருக்கும். பிறகு மாற்றிவிட்டேன்.

மழைக்காகிதம்: அங்கேதான் முடிச்சு. முன்பே டிக் போட்ட கட்டம் ஒப்புதல் ஆகாது என்று 2019 அக்டோபரிலேயே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆறு வருடமாக ஒரு மெயில்கூட வராதவர் கடையையே மறந்திருப்பார், நேராக ஸ்பேம் பொத்தானைத்தான் அழுத்துவார். எல்லாருக்கும் "தொடர்ந்து அனுப்பலாமா?" என்று ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், ஆம் என்றவரை மட்டும் வையுங்கள்.

வரிக்குதிரை: ஐயோ, அதை மட்டும் செய்யாதீர்கள். 2017-ல் பிரிட்டனில் ஃப்ளைபி விமான நிறுவனத்துக்கு 70,000 பவுண்டும் ஹோண்டாவுக்கு 13,000 பவுண்டும் அபராதம் விழுந்தது இப்படி மெயில் அனுப்பியதற்குத்தான். ஒப்புதல் கேட்கும் மெயிலும் விளம்பர மெயிலே என்றார்கள்.

மழைக்காகிதம்: ஃப்ளைபி அனுப்பியது ஏற்கெனவே "வேண்டாம்" என்று சொன்னவர்களுக்கு. இவரிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லையே.

வரிக்குதிரை: ஹோண்டா விஷயத்தில் மெயில் கிடைத்தவர்கள் முன்பு சரி என்றார்களா இல்லையா என்றே பதிவில் இல்லை. இவர் நிலையும் அதுதான்.

பழையகை: இதையே நான் பலமுறை எழுதியிருக்கிறேன். யாரும் தேடிப் படிப்பதில்லை.

டிஎன்எஸ்தம்பி: ஐயா, கணக்கு முடங்கி நிற்கிறவரிடம் இப்படிப் பேச வேண்டுமா? என் ஊகம் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. ஷீட்டில் தேதி இல்லாவிட்டாலும், பல படிவச் செருகுநிரல்கள் (தளத்தில் படிவத்தை இயக்கும் சின்ன மென்பொருள்கள்) ஒவ்வொரு பதிவையும் தேதி, நேரத்தோடு சேமிக்கும். தளத்தின் நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள். தானாக விழுந்த டிக்கை எடுத்த நாளுக்குப் பிறகு வந்தவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். கட்டத்துக்குப் பக்கத்தில் அப்போது என்ன வாசகம் இருந்தது என்று படம் எடுத்து அனுப்புங்கள். மற்ற முகவரிகளை நீக்கிவிட்டதாக வெளிப்படையாக எழுதுங்கள்.

நிழல்_9: எனக்கும் இதே நிலை. பில் முகவரிகளை என்ன செய்வது?

வரிக்குதிரை: ஆர்டர், டெலிவரி சம்பந்தமான மெயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சலுகை அறிவிப்பை நுழைத்தால் அதுவும் விளம்பரமாகிவிடும்.

புதுக்கணக்கு07: தேதிகள் இருந்தன, தம்பிக்கு நன்றி. 236 பேர் தேறினார்கள். படத்தோடு அனுப்பினேன், கணக்கு இன்று காலை திரும்ப வந்துவிட்டது.