மறு: மறு: காற்றாலையை நிறுத்தச் சொல்வதற்குத் தமிழில் என்ன?

ஈசூன் ஆசிரியை:
வணக்கம். இங்கே சிங்கப்பூரில் உயர்நிலை மூன்று தமிழ் வகுப்புக்கு, பிரிட்டன் நிலக்கரியைக் கைவிட்டது பற்றி ஒரு வாசிப்புப் பகுதி தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 1882இல் லண்டன் ஹோல்பர்ன் வையடக்ட் மின்நிலையத்தில் தொடங்கி, 2012இல் ஏறக்குறைய 40 விழுக்காடு மின்சாரத்தைக் கொடுத்து, 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் மின்நிலையத்தோடு முடிந்த கதை. 'கர்ட்டெயில்மென்ட்' வந்ததும் நின்றுவிட்டேன். ஸ்காட்லாந்தில் காற்று பலமாக வீசும்போது, தெற்கே போகும் மின்தடங்களில் இடம் போதாமல், காசு கொடுத்துக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்கிறார்களே, அதற்கு 'மின்வெட்டு' எனலாமா?

ஜூரோங் பொறியாளர்:
வேண்டாம்மா. மின்வெட்டில் வாங்குபவருக்கு நிற்கும், இதில் கொடுப்பவரை நிறுத்துகிறோம். உற்பத்தியும் பயன்பாடும் நொடிக்கு நொடி ஒத்துப்போனால்தான் அலைவெண் 50 ஹெர்ட்ஸில் நிற்கும். மிகுந்தால் யாரையாவது குறைக்கச் சொல்லியே ஆகவேண்டும். நிலக்கரிக் கொதிகலனைச் சட்டென்று அணைக்க முடியாது, காற்றாலைக்கு இறக்கையைத் திருப்பினால் போதும். 'மின்விலக்கு' எப்படி? மதுவிலக்கு இருக்கிறதே.

தெம்பனீஸ்:
வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் சார். பாதி வகுப்பு 'மின்விளக்கு' என்று எழுதும்.

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:
தகைத்தல் என்றால் தடுத்தல். ஆகவே 'மின்தகைப்பு'. தகை என்பதற்கு அழகு என்றும் பொருள். குறளில் 'தகையணங்குறுத்தல்' அதிகாரத்தை நினைவுகூர்க. காண்பவரைத் தடுத்து நிறுத்துவதாலேயே அழகு தகையாயிற்று என்பது என் நெடுநாள் துணிபு. தகை, தடை, தளை எல்லாம் ஓரினம். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

தெம்பனீஸ்:
ஐயா, இயற்பியல் நூல்களில் 'தகைவு' ஏற்கெனவே 'ஸ்ட்ரெஸ்' வேலையில் இருக்கிறது.

தமிழாசிரியர்:
தகைப்பு வேறு, தகைவு வேறு. விகுதி எதற்கு இருக்கிறது?

நாகர்கோவில்காரர், இப்போது செங்காங்:
எங்கள் ஊர்ப்பக்கம் காற்றாலைகள் நிறைந்த முப்பந்தலில் ஆடிக்காற்றில் இதே கதைதான். மின்வாரியத்தார் 'பேக்டவுன்' என்பார்கள், ஊரில் 'காத்தாடியை நிறுத்திட்டாங்க'. 'நிறுத்திவைப்பு' போதாதா?

பொறியாளர்:
முழுக்க நிறுத்துவது மட்டுமில்லை, பாதியாகக் குறைப்பதும் இதில் அடக்கம். அப்புறம், ஆசிரியை 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி' என்று எழுதப்போகிறார் என நினைக்கிறேன். தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021 முதல் சூரியத் தகடுகள் மிதக்கின்றன. அங்கே என்ன எரிகிறது? 'ஆற்றல்' என்றே எழுதுங்கள்.

தெம்பனீஸ்:
சூரியன் எரிகிறதே சார்! இங்கே செய்தித்தாளில் 'எரிசக்தி'தான். பிள்ளைகளுக்கு அதுதான் பழக்கம்.

மட்டுறுத்துநர்:
எரிசக்திக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே போய் எரியுங்கள். என் பங்குக்கு, 'உற்பத்தி மட்டுப்பாடு'. பாதிக்கும் முழுதுக்கும் பொருந்தும், விளக்கவுரை வேண்டாம்.

செங்காங்:
சரி.

தெம்பனீஸ்:
எனக்கும் சரி. நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு எரிவாயுவிலிருந்து வருகிறது. பிள்ளைகள் நிறுத்திவைத்த காற்றாலையைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். கேட்டதும் புரிகிற சொல்தான் வேண்டும்.

பொறியாளர்:
தொழிற்சாலைகளும் எண்ணெய் நாடுகளும் செய்வதுகூட உற்பத்தி மட்டுப்பாடுதான். 'காற்றாலை' என்று முன்னால் சேர்த்தால் ஒப்புக்கொள்கிறேன். சூரியத் தகடு வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

ஈசூன் ஆசிரியை:
நன்றி. 'காற்றாலை உற்பத்தி மட்டுப்பாடு' என்று போட்டு, கீழே ஒரு வரி விளக்கமும் சேர்த்துவிட்டேன்.

தமிழாசிரியர்:
விளக்கம் தேவைப்படும் சொல்லுக்கு மின்தகைப்பே மேல். ஓரெழுத்தும் மிகையில்லை. தளை பற்றிய குறிப்பு நாளை வரும்.