‘ஹேண்டில்’ என்பதற்கு மீசை என்றால் என்ன குறைச்சல்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இங்க்ஸ்கேப் (படம் வரைய), சின்ஃபிக் (அசைவூட்ட) ஆகிய இரண்டு மென்பொருள்களையும் தமிழாக்குவதற்கான நம் சொற்பட்டியல் இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறது. கோட்டில் நாம் பிடித்து நகர்த்தும் புள்ளியான ‘நோடு’ என்பதற்குக் கணு என்று முடிவாகிவிட்டது. கரும்பிலும் மூங்கிலிலும் கணு எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதில் யாரும் சண்டை போடவில்லை. பாதை, நிரப்பு, அடுக்கு இவையும் அப்படியே தாண்டிவிட்டன. சிக்கல் அந்தக் கணுவின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, நுனியில் சின்ன வட்டத்தோடு நிற்கிறதே, வளைவைத் திருத்த நாம் இழுக்கும் அந்த ‘ஹேண்டில்’தான். இதுவரை வந்தவை: கைப்பிடி, கட்டுப்பாட்டுக் கைப்பிடி, நெம்பு, கொம்பு, தொடுகோல்.

> கைப்பிடி என்பதே போதும். ஆங்கிலத்திலும் அதுதானே?

அதுதான். அதனாலேயே ஆங்கிலத்திலும் குழப்பம். இங்க்ஸ்கேப்பில் ஒரு படத்தைச் சொடுக்கினால் அதைச் சுற்றி எட்டு அம்புக்குறிகள் முளைக்கும். அவை ஹேண்டில். மறுபடி சொடுக்கினால் அதே இடத்தில் சுழற்றவும் சாய்க்கவும் வேறு அம்புகள் வரும். அவையும் ஹேண்டில். சின்ஃபிக்கில் இன்னும் மோசம், திரையில் இழுக்க முடிகிற புள்ளி எல்லாமே ஹேண்டில்: இடத்தைக் காட்டும் பச்சை, கணுவைக் காட்டும் ஆரஞ்சு, வளைவை இழுக்கும் மஞ்சள். ‘கைப்பிடியை இழுக்கவும்’ என்று பயிற்சிக் குறிப்பில் எழுதினால் படிக்கிறவர் எந்தப் பிடியைப் பிடிப்பார்? பொதுவாக இழுக்கிற எல்லாவற்றுக்கும் ‘பிடி’ இருக்கட்டும். நாம் தேடுவது அந்த மஞ்சளுக்கு மட்டுமான சொல்.

கொம்பு என்பதை நான் முதலில் ரசித்தேன். ஆனால் இந்தக் கருவிகளை வைத்துத் தமிழ் எழுத்துரு வரைகிறவர்கள் நம்மிடையே நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாம் அவர்களுக்கு அன்றாடம் வரையும் உருவங்கள். ‘கொம்பின் மூன்றாவது கணுவில் இருக்கும் இடது கொம்பை நீட்டு’ என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

தொடுகோல் என் பிள்ளை. நான்தான் இங்கே முன்வைத்தேன், நானே திரும்பப் பெறுகிறேன். காரணம் சொல்கிறேன்.

கணக்கின்படி அது சரியான பெயர். பெசியே வளைவில் (கணுக்களையும் இந்தக் கோல்களையும் வைத்து வரையும் வளைவு) கணு ஒன்றிலிருந்து வளைவு கிளம்பும் திசை எதுவோ அதே திசையில்தான் இந்தக் கோல் கிடக்கும். அதாவது தொடுகோட்டின் மேலேயே கிடக்கும். அதன் நீளம், வளைவு எவ்வளவு வீறாப்பாகக் கிளம்புகிறது என்று சொல்லும். கிளம்பும் கணத்தின் வேகம் கோலின் நீளத்தைப் போல மூன்று மடங்கு. திசையும் அளவும் சேர்ந்த பொருள் இது. திசையன் (வெக்டர்) என்று இந்த வரைகலை முழுவதற்கும் பெயர் வைத்திருக்கிறோமே, படத்தில் அந்தப் பெயருக்கு நேரடியாகப் பொருந்துவது இது ஒன்றுதான்.

சரி, அப்படியென்றால் என்ன குறை? ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்கு இந்த மென்பொருள்களைச் சொல்லித் தருகிறேன். ‘தொடுகோலைப் பிடிங்க’ என்றேன். மூன்று பேர் வரைபலகையின் பேனாவை உயர்த்திக் காட்டினார்கள். தொடுதிரை, தொடுபலகை என்று பழகிய காதுக்குத் தொடுகோல் என்றால் பேனாதான். தப்பு அவர்கள் மேல் இல்லை. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைத் தொடுகோடு என்றே எழுதி வைத்திருந்தான். ஒரே எழுத்துதானே வித்தியாசம்.

அதே வகுப்பில் நடந்ததுதான் இந்த மடலுக்குக் காரணம். சின்ஃபிக்கில் ஒரு காக்கை. இறக்கை நுனியில் ஒரு கணு. முதல் சட்டகத்தில் (ஃபிரேமில்) அதன் மஞ்சள் கோல் நேர் மேலே பார்க்கிறது, 24ஆம் சட்டகத்தில் நேர் கீழே. இடையில் இருப்பதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு ஓட்டிக் காட்டினேன். 12ஆம் சட்டகத்தில் இறக்கை நுனி கிள்ளி எடுத்ததுபோல் கூராகிவிட்டது. ஏன் என்று நான் யோசிக்கும் முன்னாலேயே, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ‘அக்கா, நடுவுல மீசை காணாமப் போச்சு’ என்றாள்.

அவள் சொன்னது சரி. நீளம் மேல்நோக்கி 90, கீழ்நோக்கி 90, இரண்டுக்கும் நடு என்றால் பூச்சியம். கோல் சுழன்று வரவில்லை, சுருங்கிச் சுருங்கி மறைந்து மறுபக்கம் முளைத்திருக்கிறது. சுழன்று வர வேண்டுமென்றால் கோணமும் நீளமும் தனித்தனியாக மாறும்படி அமைக்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தேன். அன்று மாலைவரை வகுப்பில் ஒருவர்கூட வேறு பெயர் சொல்லவில்லை. ‘மீசையை நீட்டு’, ‘ஒரு பக்க மீசை மட்டும் வேணும்’, ‘மீசையை எடுத்துடு’. கடைசியில் சொன்னதற்கு இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு மீசை நுனியைச் சொடுக்க வேண்டும். அதற்கு ‘சிரைத்தல்’ என்று பெயர் வைத்தவன் வேறொரு பையன், அதை நான் பட்டியலில் சேர்க்கப் போவதில்லை.

கரப்பான்பூச்சியின் இரண்டு மீசையையும் நினைத்துப் பாருங்கள். தலையிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக, தனித்தனியாக ஆடும். இதுவும் அதே உருவம்தான்.

விளையாட்டுப் பேச்சு என்று தள்ளுவதற்கு முன் ஒரு செய்தி. சின்ஃபிக்கில் இந்தப் பிடிகளுக்கு முதலில் இருந்த ஆங்கிலப் பெயர் ஹேண்டில் அல்ல, ‘டக்’. வாத்து! நிரல்மூலத்தில் இன்னமும் வாத்து என்றுதான் இருக்கிறது. அது கிறுக்குத்தனமும் அல்ல. கணினிக்கு முன்னால் கப்பல் வரைபடம் போடுகிறவர்கள் வளைகிற மெல்லிய மரப்பட்டையை (நம் தச்சர்களின் ரீப்பர் பட்டையை இன்னும் இழைத்தால் எப்படி இருக்குமோ அப்படி) தாளின் மேல் வைத்து, அது நகராமல் இருக்க ஈயக் கட்டிகளை அங்கங்கே நிறுத்துவார்கள். பட்டை தானாக அழகாக வளையும், அதை ஒட்டிக் கோடு இழுப்பார்கள். பட்டைக்குப் பெயர் ஸ்ப்லைன். மூக்கு நீண்ட ஈயக் கட்டிக்குப் பெயர் வாத்து. ‘ஸ்ப்லைன்’ இன்று கணிதப் புத்தகத்தில் கோட்டு சூட்டு போட்டு உட்கார்ந்திருக்கிறது. பட்டறையில் பிறந்த சொல்தான் அதுவும்.

ஆகவே என் முன்மொழிவு: பொதுவான ஹேண்டில் = பிடி. கணுவின் வளைவுப் பிடி = மீசை.

அன்புடன்,
சேலத்திலிருந்து

---

வணக்கம் அக்கா,

சிரித்துக்கொண்டேதான் வாசித்தேன், ஆனால் உடன்பட முடியவில்லை. மூன்று காரணங்கள்.

முதலாவது, இலங்கையில் எங்கள் பக்கம் பாடநூல்களில் வெக்டர் என்றால் காவி, டேஞ்சென்ட் என்றால் தொடலி. தமிழ்நாட்டில் திசையன், தொடுகோடு. ஏற்கெனவே இரண்டு பட வழக்கு. மூன்றாவதாக ஒரு பட்டறைச் சொல்லும் வந்தால் பிள்ளை எதைப் படிக்கும்?

இரண்டாவது, ஆங்கிலத்தில் விளையாட்டாகப் பெயர் வைத்தார்கள் என்பதற்காக நாமும் வைக்க வேண்டுமா? மவுஸை எலி என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. சுட்டி ஒட்டியது. ஏனென்றால் அது செய்யும் வேலையைச் சொல்கிறது. தமிழ் காது வேலையைத்தான் கேட்கிறது.

மூன்றாவது, ‘வட்டம் வரைய நான்கு கணுக்கள் போதும், ஒவ்வொரு மீசையின் நீளமும் ஆரத்தின் 0.5523 பங்கு’ என்று ஒரு பாடநூலில் அச்சிடுவீர்களா?

இந்த வளைவை 1959இல் சித்ரோயென் கார் நிறுவனத்தில் முதலில் கண்டவர் போல் த காஸ்டெல்ஜோ. நிறுவனம் அதை வெளியே விடவில்லை. போட்டி நிறுவனமான ரெனோவில் வேலை பார்த்த பியேர் பெசியே 1960களில் வெளியிட்டதால் பெயர் அவருக்குப் போனது. காஸ்டெல்ஜோ தன் புள்ளிகளை அழைத்தது துருவங்கள் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லால். தன் பக்கம் இழுக்கிற புள்ளி, ஆனால் வளைவு அதைப் போய்த் தொடுவதில்லை. துருவம் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது, மதிப்பான சொல். அதை ஏன் பார்க்கவில்லை?

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

---

தம்பிக்கு,

மூன்றாவதை முதலில் எடுக்கிறேன். ஆம், அச்சிடுவேன். நீங்கள் எழுதிய அந்த வாக்கியமே நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்தேன், எண்ணும் புரிந்தது, எங்கே பார்க்க வேண்டும் என்பதும் புரிந்தது. ‘கட்டுப்பாட்டுக் கைப்பிடியின் நீளம்’ என்று போட்டால் பாதியிலேயே மூச்சு வாங்குகிறது.

எலி விஷயத்தில் நீங்கள் சொன்னது என்னை ஒரு நாள் முழுக்க உறுத்தியது. உண்மைதான், எலி ஒட்டவில்லை. ஆனால் எலி நாம் பார்த்து வைத்த பெயர் இல்லை. அவர்கள் கண்ட உருவத்தை நாம் மொழிபெயர்த்தோம். அந்த வழியில் போனால் இதற்கு வாத்து என்றல்லவா வைக்க வேண்டும்? நான் அதைக் கேட்கவில்லை. ஊசித் துளையை ஆங்கிலேயர் கண் என்கிறார்கள், நாம் காது என்கிறோம். இரண்டும் பார்த்து வைத்த பெயர்கள், ஒன்று இன்னொன்றின் மொழிபெயர்ப்பு அல்ல. சீப்புக்குப் பல், குடத்துக்குக் கழுத்து, ஏணிக்குக் கால் என்று நம்மவர்கள் உடம்பைக் கொண்டுதான் பொருளின் உறுப்புகளுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். வேலையைச் சொல்லும் பெயர் முழுக் கருவிக்கு, உருவத்தைச் சொல்லும் பெயர் அதன் உறுப்புக்கு. சுட்டி கருவி. மீசை உறுப்பு.

துருவம் பற்றி: அழகான சொல், இழுப்பதும் தொடாததும் அதில் இருக்கின்றன. வகுப்பில் இதைச் சொல்ல எனக்குக் கோலம்தான் கைகொடுக்கிறது. சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர அதன் மேல் ஏறாது. புள்ளிதான் கம்பியின் போக்கைத் தீர்மானிக்கிறது. (சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் சேர்த்து 1974இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள், வரைகலைக்கும் நமக்கும் உறவு புதிதல்ல.) ஆனால் துருவம் என்பது நுனியில் இருக்கும் புள்ளி மட்டும். கணுவிலிருந்து அந்தப் புள்ளிவரை போகும் கோடும் சேர்ந்தால்தான் மீசை. பிள்ளைகள் கண்ணுக்கு முதலில் படுவது கோடுதான். கணிதப் பகுதியில் நுனிப்புள்ளியைத் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் துருவம் வரட்டும், இரண்டும் சேர்ந்து வாழலாம்.

காவி, திசையன் சண்டையை நாம் தீர்க்க வேண்டாம். மெனுவில் ‘வெக்டர் படம்’ என்று போட்டுவிட்டேன், இரண்டு கரையிலும் புரியும். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

போன மடலில் விட்டுப்போன ஒன்று. அசைவூட்டத்தில் மீசை இரண்டாவது முறையும் வருகிறது. படத்தில் மட்டுமல்ல, நேர வரைபடத்திலும். பந்து ஒன்று மேலே போய்க் கீழே வருகிறது, அதன் உயரத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஒரு வளைவு. முக்கியச் சட்டகம் (நாமே அமைத்து வைக்கும் சட்டகம்) ஒவ்வொன்றும் அந்த வளைவில் ஒரு கணு, அந்தக் கணுவுக்கும் மீசை உண்டு. மீசையைப் படுக்க வைத்தால் பந்து உச்சியில் நிதானமாக நின்று திரும்பும். நிமிர்த்தி இரண்டாக முறித்துவிட்டால் தரையில் பட்டு வெடுக்கென்று எழும்பும். உருவம் இல்லாத இடத்திலும், வேகத்தைச் சொல்லும் இடத்திலும் சொல் நிற்க வேண்டும். கைப்பிடி இங்கே பரவாயில்லை, கொம்பு தடுமாறுகிறது. மீசை சிரமமில்லாமல் நின்றது. நேற்று ஒரு பிள்ளை, ‘பந்து சோம்பேறியா திரும்புது, மீசையைக் குறைக்கட்டுமா’ என்று கேட்டாள். இப்படி வேகம் மெல்லக் கூடிக் குறைவதற்குப் பெயரான ஈஸிங்குக்கு நான் இன்னும் சொல் தேடவே தொடங்கவில்லை.

உங்கள் முதல் காரணத்துக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. பாடநூல்காரர்கள் தொடலி, தொடுகோடு என்று எழுதட்டும். கருவியைத் திறக்கிறவருக்குத் திரையில் தெரிவதற்கு ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

சோதனைக்காக இங்க்ஸ்கேப்பின் கணு வகைகளை, அவற்றுக்கான விசைகளோடு, மீசை கொண்டு எழுதிப் பார்த்தேன். மீசைகள் தம் போக்கில் போகும் கணு கூர்க்கணு, ஷிப்டும் சியும். இரண்டும் ஒரே கோட்டில் கிடந்து நீளம் மட்டும் மாறலாம் என்றால் நேர்மீசைக் கணு, ஷிப்டும் எஸ்ஸும். நீளமும் ஒன்று என்றால் சமமீசைக் கணு, ஷிப்டும் ஒய்யும். மூன்றும் பொத்தானுக்குள் அடங்குகின்றன, விளக்கம் கேட்காமலே பிள்ளைகள் சரியாகச் சொடுக்கினார்கள்.

நான்காவதில் மாட்டிக்கொண்டேன். பக்கத்துக் கணுக்களை நகர்த்தினால் மென்பொருளே மீசையைத் திருத்திக்கொள்ளும் வகை, ஷிப்டும் ஏயும். நாம் மீசையில் கை வைத்த உடனே அது நேர்மீசைக் கணுவாக மாறிவிடும். ‘தானியங்கு மீசை’ என்று எழுதினால் எனக்கே சிரிப்பு வருகிறது, ‘தன்மீசை’ காதில் விழவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் யாராவது ஒன்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு வரியை ஆங்கிலத்திலேயே விட்டுக் கோப்பை ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து