எல்லாப் பயனர் கணக்குகளிலும் ஒரே இயல்புநிலை உலாவி: உதவி தேவை

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில், எங்கள் வாசிகசாலையில் உயர்தர மாணவர்கள் பயன்படுத்தும் 4 கணினிகளை நான் பராமரித்து வருகிறேன். அனைத்தும் விண்டோஸ் 11. ஒவ்வொன்றிலும் 6 பயனர் கணக்குகள் உள்ளன. பயர்பாக்ஸ் உலாவியின் பட்டிகளைத் தமிழில் அமைத்து, பாடங்களுக்குரிய பக்கங்களையும் அதிலேயே குறித்து வைத்திருக்கிறோம்.

என் கணக்கில் 'அமைப்புகள்', 'செயலிகள்', 'இயல்புநிலைச் செயலிகள்' என்று சென்று, பயர்பாக்ஸைத் தெரிவுசெய்து, மேலே உள்ள பொத்தானை அழுத்தியதும் இணைய முகவரிகளின் தொடக்கமான எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டும் அதற்கு மாறின. பிடிஎஃப் கோப்புகளைத் தனியாக மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் இந்தத் தெரிவு அந்தந்தக் கணக்குக்கு மட்டுமே உரியது என்பதை, நேற்று ஒரு மாணவி மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கியபோது விண்டோஸுடன் வரும் எட்ஜ் உலாவி திறந்து, குறித்து வைத்த பக்கங்கள் எதுவும் தென்படாமல் அவர் திகைத்து நின்ற பிறகுதான் உணர்ந்தேன். பரீட்சை நெருங்கும் வேளையில் பிள்ளைகளின் நேரம் இப்படி வீணாவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

விண்டோஸின் 'டிஸ்ம்' (DISM) என்ற கட்டளையால் என் தெரிவுகளை ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்து, மீண்டும் இறக்குமதி செய்யலாம் என்று அறிவேன். எனினும் அது புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்கே பொருந்தும். ஏற்கெனவே உள்ள கணக்குகளை அழிக்காமல், ஒவ்வொன்றிலும் தனித்தனியே நுழையாமல், எல்லாவற்றிலும் பயர்பாக்ஸையே இயல்புநிலை உலாவியாக்கியவர்கள் இருந்தால் படிமுறையைத் தயவுசெய்து அறியத் தாருங்கள்.