இரண்டு பிராசஸர் உள்ள சர்வரில் ஒரே ஒரு சிபியூ தெரிகிறது (டெபியன் 12)

நிலவன்:
வணக்கம். பயன்படுத்திய சர்வர் ஒன்று வாங்கினேன். இரண்டு சாக்கெட்டிலும் ஜியான் ஈ5-2670. ஒன்றுக்கு 8 கோர், 16 திரெட். மொத்தம் 32 வர வேண்டும். டெபியன் 12 போட்டுத்தான் கொடுத்தார்கள். ஆனால் சிபியூ பயன்பாட்டைக் காட்டும் எச்டாப்பில் ஒரே ஒரு பட்டை. சிபியூ எண்ணிக்கையைச் சொல்லும் என்ப்ராக் கட்டளையும் 1 என்கிறது. பயாஸில் இரண்டு சிபியூவும் 64 ஜிபி ரேமும் ஒழுங்காகத் தெரிகின்றன. தனி கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஏதும் போட வேண்டுமா? பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஒரு ரெண்டர் (படமாக்கும் வேலை) கொடுத்தால் விடிய விடிய ஓடுகிறது.

கயல்:
தனி கெர்னல் வேண்டாம். 1996-இல் வந்த லினக்ஸ் 2.0-இலேயே எஸ்எம்பி (பல சிபியூக்களை ஒன்றாக இயக்குவது) ஆதரவு வந்துவிட்டது. ஒரு காலத்தில் டெபியனில் எஸ்எம்பி கெர்னல் தனிப் பொதியாக இருந்தது. இப்போது ஏஎம்டி64 கெர்னலிலேயே (இன்டெல், ஏஎம்டி இரண்டின் 64-பிட் சிபியூவுக்கும் பொதுவானது) அடக்கம். பயாஸுக்குத் தெரிந்தது கெர்னலுக்குத் தெரியவில்லை என்றால், பூட் ஆகும்போது கெர்னலுக்கு என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்று முதலில் பாருங்கள். ப்ராக் அடைவில் சிஎம்டிலைன் கோப்பைத் திறங்கள். நோஎஸ்எம்பி, மேக்ஸ்சிபியூஸ்=1, ஏசிபிஐ=ஆஃப், இவற்றில் ஏதாவது இருக்கிறதா?

நிலவன்:
"க்வயட் ஏசிபிஐ=ஆஃப்" என்று இருக்கிறது சகோ.

கயல்:
அதேதான். எத்தனை சிபியூ இருக்கிறது என்பதை கெர்னல் ஏசிபிஐ அட்டவணையை (வன்பொருள் விவரங்களை பயாஸ் கொடுக்கும் பட்டியல்) படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. அதை அணைத்தால் பழைய எம்பி (மல்டிபிராசஸர்) அட்டவணையைத் தேடும். அதுவும் கிடைக்காவிட்டால் பூட் ஆன ஒரு கோரோடு நின்றுவிடும். நிறுவும்போது திரை உறைந்திருந்தால் இப்படிப் போட்டுவிடுவது உண்டு. ஈடிசி அடைவில் டிஃபால்ட்டுக்குள் உள்ள கிரப் கோப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு, அப்டேட்-கிரப் ஓட்டி ரீபூட் செய்யுங்கள். திரை மறுபடி உறைந்தால் அந்த இடத்தில் நோமோட்செட் போடுங்கள். அது கிராஃபிக்ஸை மட்டும்தான் தொடும்.

நிலவன்:
32-உம் வந்துவிட்டது! மிக்க நன்றி. நோமோட்செட் தேவைப்படவில்லை. ஆனால் நினைத்த அளவு வேகம் இல்லை. எல்எஸ்சிபியூ கட்டளையில் நுமா நோடு 2 என்று காட்டுகிறது, அதனாலா?

மாறன்:
இடையில் வருகிறேன். நுமா என்றால் ஒவ்வொரு சிபியூவுக்கும் அதன் பக்கத்திலேயே தனி ரேம். ஒரு சிபியூவும் அதன் ரேமும் சேர்ந்தது ஒரு நோடு. நுமாக்ட்ல் என்ற கருவியை நிறுவி, ஹார்ட்வேர் என்ற தெரிவோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு நோடிலும் எவ்வளவு ரேம் என்று வரும்.

நிலவன்:
நோடு 0-இல் 64 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. நோடு 1-இல் 0 எம்பி. மூடியைத் திறந்து பார்த்தேன், 8 ஜிபி ஸ்டிக் எட்டும் முதல் சிபியூ பக்கத்திலேயே இருக்கின்றன.

மாறன்:
இரண்டாவது சிபியூ ஒவ்வொரு முறையும் முதல் சிபியூ வழியாகப் போய்த்தான் ரேமைத் தொடுகிறது. இந்த ஜியானில் சிபியூ ஒன்றுக்கு நான்கு மெமரி சேனல் (ரேமுக்குப் போகும் தனித்தனிப் பாதை). உங்களிடம் பாதி சேனல்கள் சும்மா கிடக்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நான்கு ஸ்டிக்கை அந்தப் பக்கம் மாற்றுங்கள், சேனலுக்கு ஒன்றாக. எந்த ஸ்லாட் முதலில் என்று மூடியின் உட்புறம் படம் ஒட்டியிருக்கும். அப்புறம், பயாஸில் நோட் இன்டர்லீவிங் (இரண்டு நோடின் ரேமையும் கலந்து ஒன்றாகக் காட்டுவது) இருந்தால் அணைத்தே வையுங்கள். அது நோடு விவரத்தை கெர்னலிடமிருந்து மறைத்துவிடும்.

நிலவன்:
மாற்றிவிட்டேன். இப்போது நோடுக்கு 32 ஜிபி, ரெண்டர் நன்றாகவே வேகமெடுத்திருக்கிறது. பிளெண்டரை ஒரு நோடோடு கட்டிப்போட வேண்டுமா?

மாறன்:
ஒரே ரெண்டர் 32 திரெட்டையும் எடுத்துக்கொள்கிறது என்றால் வேண்டாம், கெர்னலே பார்த்துக்கொள்ளும். இரண்டு வேலை ஒன்றாக ஓடும்போது மட்டும் நுமாக்ட்லில் சிபியூநோட்பைண்ட், மெம்பைண்ட் இரண்டும் கொடுத்து ஆளுக்கொரு நோடில் விடுங்கள்.