வீடு ஏலம் போன பிறகும் கடன் பாக்கியா?

கேள்வி: ஆம்பூர் ஷூ கம்பெனி வேலை போச்சு, தவணை நின்னுச்சு, காட்பாடி வீட்டை பேங்க் ஏலம் விட்டுட்டாங்க. பாக்கி 24 லட்சம், ஏலத்துல வந்தது 19. சாவியைக் கொடுத்ததோட கணக்கு முடிஞ்சுதுன்னு இருந்தேன். நேத்து மீதி 5 லட்சத்துக்கு நோட்டீஸ்! ஜாமீன் போட்ட மச்சான் முகத்துல முழிக்க முடியல.

பதில்: கட்டித்தான் ஆகணும் சார். அடமான சொத்தை பேங்கே எடுத்து ஏலம் விட வழி செய்யிற 2002 சர்ஃபேசி சட்டம் 13(10) பிரிவுப்படி மீதியை வழக்கு போட்டு வசூலிக்கலாம். மீதித் தொகை 20 லட்சத்துக்குக் கீழேங்கிறதால வழக்கு சிவில் கோர்ட்டுல வரும். மச்சானையும் விடமாட்டாங்க.

பதில்: முதல்ல கணக்கு விவரத்தை எழுதிக் கேளுங்கண்ணே. எங்க சத்துவாச்சாரி வீட்டுக்குப் பூட்டு மாத்துன கூலி, பேப்பர் விளம்பரம் எல்லாத்தையும் எங்க தலையிலயே கட்டினாங்க. அப்புறம் ஒரே தடவையா கட்டுறேன்னு பேசி குறைச்சோம். வாய்ப்பேச்சை நம்பாம கடிதமா வாங்கிக்குங்க.

கேட்டவர்: திங்கக்கிழமை போறேன். மச்சானும் வர்றாராம்.