யூ = யூ: தமிழில் 'தென்படாது = தொற்றாது'?

குழுவினருக்கு வணக்கம்.

டிசம்பர் 1 எயிட்ஸ் தினத்துக்காகக் கிளிநொச்சியில் ஒரு சுவரொட்டி வடிவமைக்கிறேன். 2016 முதல் பல நாடுகளில் ஓடும் 'யூ = யூ' (U = U, Undetectable = Untransmittable) வாசகம் தமிழில் வேண்டும். ஒழுங்காக மருந்தெடுத்து, இரத்தத்தில் எச்.ஐ.வி. வைரசு மில்லிலீற்றருக்கு 200 பிரதிகளுக்குக் கீழே நிலைத்துவிட்டால், உடலுறவு மூலம் அது மற்றவருக்குப் பரவாது. சொல்லவேண்டியது இவ்வளவுதான்.

முன்பு இங்கே வந்த 'கண்டறிய முடியாதது = கடத்த முடியாதது' சரிவரவில்லை. தாளில் அடித்து, கடைக்கு வந்த ஓர் அம்மாவிடம் காட்டினேன். "டொக்டர்மாராலையும் கண்டுபிடிக்கேலாத வருத்தமோ தம்பி?" என்றார். அதைவிட, 'கடத்தல்' வன்னியில் சுவரில் ஒட்டுகிற சொல்லா? வைரசு இப்படிக் குறைந்து நிற்பதை 'அடக்கநிலை' என்று அண்ணை ஒருவர் எழுதியிருந்தார். மரண அறிவித்தல் வாசிக்கிறவர்களுக்கு அடக்கம் என்றால் சவக்காலைதான். மண்டையோடு போட்டுப் பயமுறுத்திய காலம் போதும்.

என் முன்மொழிவு 'தென்படாது = தொற்றாது'. இரண்டு சொல்லும் தகர வரிசையில் தொடங்குகின்றன. இரண்டு யூ நிற்கும் இடத்தில் இரண்டு பெரிய 'த' நிற்கும். 1991 இல் நியூயோர்க் கலைஞர்கள் உருவாக்கிய எயிட்ஸ் அடையாளமான சிவப்பு ரிபனுக்குச் சொல்லே தேவைப்படவில்லை, கொடுத்து வைத்தவர்கள்! பெயர்ச்சொல்லாக 'தென்படா அளவு' போதும். ஆனால் 'தொற்றா' என்று வெட்டக்கூடாது. ஆஸ்பத்திரிப் பலகைகளில் 'தொற்றா நோய்' என்றால் சீனியும் பிரஷரும்.

அச்சகத்தில் 'தொ'வின் கொம்பு கழன்று புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கிற கூத்தும் உண்டு. எழுத்தைப் படமாக்கித்தான் அனுப்பவேண்டும்.

---

தம்பி, வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். கிளினிக்கில் வேலை செய்தவள்.

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் 'தொற்றாது' எல்லா வழிக்கும் பொருந்தாது. தாய்ப்பாலுக்கும் ஊசி பகிர்வதற்கும் இதே உறுதியைக் கொடுக்கமுடியாது. 'உடலுறவு மூலம்' என்பதை அடியில் எறும்பு எழுத்தில் போடாதீர்கள், வாசகத்துக்குள்ளேயே வரட்டும்.

அப்புறம், 'தென்படாது' என்றதும் குணமாகிவிட்டது என்று மருந்தை விடுகிறவர்கள் இருப்பார்கள். விட்டால் சில கிழமைகளிலேயே வைரசு திரும்ப ஏறும். ஆளைப் பார்த்தால் வருத்தம் தென்படாது என்றும் எடுப்பார்கள்; அது இன்னும் ஆபத்து. ஆகவே 'சோதனையில் தென்படாது' என்றே போடுங்கள். உங்கள் இரண்டு 'த'வின் அழகு கொஞ்சம் கெடும்தான், கெடட்டும்.